கூண்டேறும் முன் அரை மணி நேரம்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவோம். மாதத் தொடக்கத்தில் நிலுவையில் இருந்தவை, புதிதாகக் கோப்பில் எடுத்தவை, தண்டனை, விடுதலை, சமரசம், கடைசிக் கட்டத்தில் தண்டனை சதவீதம். நடுவர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் நிற்கும் எங்களுடைய வேலையை மேலே இருப்பவர்கள் அந்த ஒரு தாளில்தான் பார்க்கிறார்கள். சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரம் கிடைத்ததா என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. அரை மணி நேரம் போதும். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான் என்பது என் பணிக்காலம் எனக்குக் காட்டியது. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் பறிபோவதும் அதுதான்.

பதவியின் பெயர் அரசு உதவி வழக்கு நடத்துநர். நீதிமன்ற வளாகத்தில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏ.பி.பி. என்று கேட்க வேண்டும். கொலை, கொள்ளை வழக்குகளை அமர்வு நீதிமன்றத்தில் நடத்தும் பி.பி. வேறு. மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து அவரை அரசு நியமிக்கும். ஆட்சி மாறினால் அவரும் மாறுவது வழக்கம். நாங்கள் தேர்வாணையத் தேர்வு எழுதி வந்த நிரந்தர ஊழியர்கள். குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது 5 ஆண்டு வழக்காடியிருந்தால்தான் அந்தத் தேர்வையே எழுத முடியும். அடிதடி, திருட்டு, சாலை விபத்து, மணல் கடத்தல், சீட்டு மோசடி, மனைவியைக் கொடுமைப்படுத்தியது என்று ஊரில் நடக்கிற பெரும்பாலான குற்றங்கள் எங்கள் கோர்ட்டில்தான் தொடங்கி எங்கள் கோர்ட்டிலேயே முடிகின்றன. வாழ்நாளில் ஒரே ஒருமுறை கோர்ட் படி ஏறுகிறவர் பெரும்பாலும் ஏறுவது எங்கள் படியைத்தான். நீதி என்றால் என்னவென்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவது அங்கே அன்று பார்த்ததை வைத்துத்தான். அதனால் இந்தப் பதவியைக் கீழ்ப்படி என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

1898ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் போலீஸ் அதிகாரிகளே கீழ்க்கோர்ட்டில் வழக்கு நடத்தினார்கள். வழக்கு நடத்துவதைப் போலீஸிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று 1958இல் சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் சொன்னது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, ஏ.பி.பி. நியமனத்தை அரசின் கடமையாக்கியது. ஏ.பி.பி. கிடைக்காத நேரத்தில் ஆட்சியர் வேறொருவரை நியமிக்கலாம், ஆனால் அந்த வழக்கைப் புலனாய்வு செய்ததில் பங்குள்ள போலீஸ் அதிகாரியை நியமிக்கக் கூடாது என்றும் அதிலேயே இருந்தது. அதற்குப் பிறகும் சில மாநிலங்களில் ஏ.பி.பி.கள் போலீஸ் துறையின் கீழேயே இருந்தார்கள். 1995இல் மகாராஷ்டிரத்திலிருந்து போன ஷஹானே வழக்கில், அவர்களுக்குத் தனித்துறை அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் 25ஏ பிரிவைச் சேர்த்து, வழக்கு தொடர்வு இயக்ககத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது.

இந்தப் பிரிவினை எதற்கு என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. புலனாய்வு செய்தவருக்குத் தன் வழக்கின் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடும். கைது செய்தாயிற்று, பொருளைக் கைப்பற்றியாயிற்று, இவன்தான் என்று மனதில் முடிந்துவிட்டது. அந்த வழக்குக் கட்டை, இவன்தான் என்று முடிவு செய்யாத ஒருவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். அடைக்கக்கூடிய ஓட்டை என்றால் அடைக்கச் சொல்ல வேண்டும். இவன் இல்லை என்று தோன்றினால் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். வாசிப்பதற்கு ஆளும் நேரமும் இல்லாவிட்டால், பிரித்ததன் பயன் காகிதத்தோடு நின்றுவிடும்.

நான் அதிக காலம் வேலை பார்த்தது காவிரி டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில். கோர்ட்டின் பக்கவாட்டில் ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு பீரோ. எழுத்தர் பணியிடம் ஒன்று தாளில் உண்டு. ஆள் இருந்த காலம் குறைவு. அலுவலகம் நடந்தது கோர்ட் ஏட்டுகளால்தான். ஒவ்வொரு காவல் நிலையமும் கோர்ட் வேலைக்கென்று ஒருவரை அனுப்பும். வாய்தா தேதி குறிப்பது, சம்மன் வாங்கிப்போய்ச் சார்பு செய்வது, வழக்கு நாட்குறிப்பான சி.டி. ஃபைலைக் கொண்டுவருவது, சாட்சியைக் கூட்டி வருவது, பிடியாணைக் கணக்கு வைப்பது எல்லாம் அவர்தான். நல்ல கோர்ட் ஏட்டு அமைந்த நிலையத்தின் வழக்குகள் நகரும். அவருக்குத் திருவிழா பந்தோபஸ்து போட்டால் அந்த வாரம் அந்த நிலையத்திலிருந்து ஒரு சாட்சியும் வராது. ஒரு ஏட்டு இருந்தார். சாட்சி எந்த வயலில் நடவுக்குப் போயிருக்கிறார், எந்த மாதம் திருப்பூருக்கு வேலைக்குப் போவார் என்பது வரை தெரிந்து வைத்திருப்பார். "அம்மா, அறுப்பு முடியட்டும், பொங்கலுக்கு அப்புறம் தேதி வாங்குங்க, மூணு பேரையும் நிறுத்துறேன்" என்பார். அதேபோல நிறுத்துவார். மாதாந்திர அறிக்கையில் அவருடைய பெயர் வருவதற்கு வழியே இல்லை.

காலை பத்தரைக்கு கோர்ட் கூடியதும் அன்றைய பட்டியலை அழைப்பார்கள். எதிரிகள் ஆஜர், ஆஜராகாதவர்களுக்குப் பிடியாணை, சாட்சி வந்திருக்கிறாரா என்ற கேள்வி. நடுவில் ரிமாண்டுக்கு ஒருவரைக் கொண்டுவருவார்கள். பிணை மனுக்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபணை உண்டா என்று நான் சொல்ல வேண்டும். பைக்கையும் நகையையும் இடைக்காலமாகத் திருப்பிக் கேட்கும் மனுக்கள் வரும். இவற்றில் ஒன்றையும் தள்ளிப்போட முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவருடைய விடுதலையோ பிழைப்போ இருக்கிறது. பட்டியல் அழைத்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகும். அதற்கு மேல்தான் விசாரணை. மாலையில் புதுக் குற்றப்பத்திரிகைகளைச் சரிபார்ப்பது, விடுதலையான வழக்குகளில் மேல்முறையீடு செய்யலாமா என்று கருத்து எழுதுவது, எழுத்து வாதம் தயாரிப்பது.

ஒரு கோர்ட்டுக்கு ஒரு ஏ.பி.பி. என்று இருக்கிற வரைக்கும் இது கஷ்டமான வேலை, ஆனால் செய்யக்கூடிய வேலை. பக்கத்துத் தாலுகாவில் இருந்தவர் ஓய்வுபெற்றார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. கூடுதல் பொறுப்பு எனக்கு வந்தது. திங்கள், செவ்வாய், வியாழன் எங்கள் ஊர். புதன், வெள்ளி அந்த ஊர். இரண்டு நடுவர்களும் நல்லவர்கள், என் கிழமைகளுக்கு ஏற்ப விசாரணைத் தேதிகளைப் போட்டார்கள். அதனால் விசாரணை நாள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, ஒரு நாளில் வந்து நிற்கும் சாட்சிகள் இரண்டு மடங்கானார்கள். கட்டுகள் அந்தக் கோர்ட்டில் இருக்கும், நான் இந்தக் கோர்ட்டில் இருப்பேன். முந்தின நாளே வாசித்துவிட்டுப் போவது என்பது முடியாமல் போயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கி அறைக்குள் நுழையும்போதே வாசலில் சாட்சிகள் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே பட்டியல் அழைக்க ஆரம்பித்திருப்பார்கள்.

தேர்வு அறிவித்து, எழுதி, நேர்காணல் முடிந்து, புதியவர் பயிற்சி பெற்று ஓர் ஊருக்கு வந்து உட்கார்வதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அதற்குள் இன்னும் சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். மகப்பேறு விடுப்பு, அறுவைச் சிகிச்சை இவற்றுக்கும் மாற்று ஆள் கிடையாது. பக்கத்துக் கோர்ட்டில் இருப்பவர்தான் மாற்று. அவர் வந்தால் அவர் கோர்ட் காலியாகும்.

சாட்சியோடு பேசுவது என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கலாம். அது தவறு, பயனும் இல்லை. சொல்லிக் கொடுத்த சாட்சி குறுக்கு விசாரணையில் மூன்றாவது கேள்வியில் என் முகத்தைப் பார்ப்பார். நடுவர் அதைக் கவனிப்பார். நான் போலீஸ் வாக்குமூலத்தை மூடி வைத்துவிட்டு, "அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க" என்பேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குத்தான் பாடம் நடக்கும். எங்கே நின்றார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்தார், எதைப் பிறகு கேள்விப்பட்டார். கேள்விப்பட்டதைப் பார்த்ததாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். அதைப் பிரித்து, "இதை நீங்க பார்க்கலைன்னா பார்க்கலைன்னே சொல்லுங்க, தப்பில்லை" என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும். கூண்டில் அவர்கள் பயப்படாமல் நிற்பதும் அதனால்தான். நடுவரை எப்படி அழைப்பது, எங்கே நிற்பது, கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாமா என்பவை சிறிய விஷயங்கள். ஆனால் முதல்முறை வருபவருக்கு அவையே மலை.

சாலை விபத்து வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 304(ஏ) பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில். எந்தக் காவல் நிலையமானாலும் எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலத்திலும் ஒரே வாசகம் இருக்கும்: வண்டி அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து மோதியது. வேகமாக வந்தது என்று மட்டும் சொன்னால் அதைக்கொண்டு அலட்சியம் நிரூபணமாகிவிடாது என்று 1998இலேயே கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எந்தப் பக்கம் வந்தான், திருப்பத்தில் ஹாரன் அடித்தானா, பிரேக் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, இறந்தவர் தார் ரோட்டில் இருந்தாரா மண் ஓரத்தில் இருந்தாரா, அதைத்தான் நடுவர் தேடுவார்.

ஒரு லாரி வழக்கில் டீக்கடைக்காரர் இரண்டாம் சாட்சி. வாக்குமூலத்தில் அதே ஒரு வரிதான் இருந்தது. அறையில் உட்கார வைத்துப் பேசினேன். முதலில் அவரும் அந்த வரியையே சொன்னார். "அண்ணே, நீங்க டீ ஆத்திக்கிட்டு இருந்தீங்க, ரோட்டைப் பார்த்தா நின்னீங்க, அடுப்பைப் பார்த்தா?" என்றேன். யோசித்தார். அடுப்பைப் பார்த்துத்தான் நின்றார். பெரிய சத்தத்துடன் வண்டி குலுங்கிய ஓசை கேட்டுத் திரும்பியிருக்கிறார். லாரி ரோட்டில் இருந்த பள்ளத்தைத் தவிர்க்க வலப்பக்கம் ஏறி வந்தது, எதிரே சைக்கிளில் வந்தவர் தன் இடது ஓரத்தில் மண்ணில் இருந்தார், சைக்கிள் புளியமரத்தடியில் போய் விழுந்தது. இவ்வளவும் அவர் கண்ணில் பட்டவை. போலீஸார் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோர்ட்டில் சொன்னால், இதை ஏன் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும். முக்கியமானதைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகக் கருதப்படலாம் என்று அன்றைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவின் விளக்கம் சொன்னது. ஆகவே துணை தேடினேன். பார்வை மகஜரோடு இருந்த மாதிரி வரைபடத்தில் புளியமரமும் டயர் தடமும் சைக்கிள் கிடந்த இடமும் குறித்திருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் மகஜர் சாட்சி. வரைபடம் டீக்கடைக்காரர் சொன்னதோடு பொருந்தியது. குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி வந்தது. "அவங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க" என்றார் அவர், மிக அமைதியாக. தண்டனை கிடைத்தது. இறந்தவருடைய மனைவி தீர்ப்பு நாளில் வந்திருந்தார். என்னிடம் எதுவும் பேசவில்லை, நடுவர் வாசித்த தீர்ப்பை மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார்.

கூடுதல் பொறுப்பில் இருந்த காலத்தில் எங்கள் ஊரிலேயே இதேபோல் இன்னொரு வழக்கு. நான் மற்றக் கோர்ட்டில் இருக்க வேண்டிய நாளில் சாட்சிகள் வந்துவிட்டார்கள். சாட்சி வந்திருக்கும்போது விசாரிக்காமல் வாய்தா கொடுக்கக் கூடாது என்பது அன்றைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. அது சரியான சட்டம், சாட்சியின் ஒரு நாள் கூலியை மதிக்கும் சட்டம். அன்று என் இடத்தில் பொறுப்புக்கு வந்த வேறொரு ஏ.பி.பி. திறமையில் எனக்குக் குறைந்தவர் இல்லை. கட்டு அவர் கைக்கு வந்தது அன்று காலை பதினொரு மணிக்கு. சாட்சிகள் வாக்குமூலத்தில் இருந்தபடியே வேகமாக வந்து மோதியது என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. விடுதலை. அந்த மாத அறிக்கையில் அது ஒரு எண்.

எங்கள் மாநிலத்தில் பழைய தண்டனைச் சட்டத்தின் காலத்தில் தெருச்சண்டை வழக்கென்றால் மூன்று பிரிவுகள் சேர்ந்தே வந்தன: 294(பி), 323, 506(2). ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொலை மிரட்டல். குற்றப்பத்திரிகையில் தகாத வார்த்தைகளால் திட்டி என்றிருக்கும். என்ன வார்த்தை என்பது சாட்சியத்தில் வராவிட்டால் 294(பி) நிற்காது. ஒரு பெண்மணி, வயதில் என் தாயார் மாதிரி, வேலித் தகராறில் அடிபட்டவர். "அந்த வார்த்தையை எப்படிம்மா ஆம்பளைங்க முன்னால சொல்றது" என்று அறையில் அழுதார். நான் நடுவரிடம் போய், கூண்டருகே தட்டச்சருக்கும் நடுவருக்கும் மட்டும் கேட்கும்படி அவர் சொல்லட்டும், எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்தில் வந்து நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அனுமதித்தார். அந்த அம்மா சொன்னார். முன்கூட்டியே பேசாமல் இருந்திருந்தால் அவர் கூண்டில் வாயடைத்து நின்றிருப்பார், வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

இந்த வழக்குகளில் இன்னொன்றும் உண்டு. ஊருக்குள் இரண்டு தரப்பும் பேசி முடித்துவிடுவார்கள். 323ஐயும் 506ஐயும் கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ள முடிந்தது, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவின் பட்டியலில் இருந்தன. 294(பி) அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அதனால் சமரசமானவர்கள் சமரச மனு போட முடியாமல், கூண்டில் ஏறி எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்வார்கள். நான் எழுந்து, பிறழ்சாட்சியாக அறிவிக்கும்படி கேட்டு, குறுக்கு விசாரணை செய்து உட்கார வேண்டும். சமாதானமாகிவிட்ட இரண்டு குடும்பங்களைச் சத்தியம் வாங்கிக்கொண்டு பொய் சொல்ல வைக்கிறது இந்த ஏற்பாடு. அறிக்கையில் அது சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலை என்று ஏறும். புலனாய்வின் தோல்வியும் ஊர் சமாதானமும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. 294(பி)ஐ வார்த்தை தெரியாமல் சேர்க்காதீர்கள் என்று ஆய்வாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டார்கள்.

சதவீதத்தின் மறுபக்கமும் இப்படித்தான். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை, பணம் வைத்துச் சீட்டாட்டம் போன்ற சுருக்க விசாரணை வழக்குகளில் எதிரி அன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போவார். அவையும் தண்டனைதான். அவற்றைக் கூட்டினால் சதவீதம் உயரும். சாட்சி விசாரித்து முடிந்த வழக்குகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் படம் வேறு. ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாதாந்திரக் கூட்டத்தில், விசாரித்து முடித்தவற்றைத் தனியாகக் காட்டுங்கள் என்று நான் கேட்டதுண்டு. சதவீதம் குறைவாகத் தெரியுமே என்றார்கள். குறைவாகத் தெரிந்தால்தான் எங்கே குறை என்று தேடுவோம்.

குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியத்தைச் சொன்னது. ஒவ்வொரு விடுதலையையும் ஆராய்ந்து, புலனாய்விலோ வழக்கு நடத்தியதிலோ குறை இருந்தால் யார் பொறுப்பு என்று கண்டறிய எல்லா மாநிலங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. அதைத் தண்டிக்கும் கருவியாக மட்டும் பார்த்தால் எல்லோரும் சாட்சியின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். கற்றுக்கொள்ளும் கருவியாக எடுத்துக்கொண்டால் பலன் உண்டு. நான் ஒரு குறிப்பேடு வைத்து ஒவ்வொரு விடுதலைக்கும் உண்மையான காரணத்தை ஒரே வரியில் எழுதி வந்தேன். சில ஆண்டுகளில் அதே காரணங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. காயச் சான்று கொடுத்த மருத்துவர் மாறுதலாகிப் போய் விசாரிக்கப்படாமலே போனது. கைப்பற்றிய நகை, நகைக்காரர் அடையாளம் காட்டாமலே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அடிதடி வழக்கில் ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள பிரிவுகள் இருக்க, குற்றப்பத்திரிகை ஓராண்டு கழித்து வந்து குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவின் காலவரையறையில் அடிபட்டது. மணல் வழக்கில் கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சேர்த்துவிட்டு, 22ஆம் பிரிவு கேட்கும் அதிகாரம் பெற்ற அலுவலரின் புகார் இல்லாமல் விட்டது. திருட்டுப் பிரிவு தனியாக நிற்கும் என்று 2014இல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் அந்தப் பாதியையாவது காப்பாற்ற முடிந்தது.

இவற்றில் பெரும்பாலானவை கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே, குற்றப்பத்திரிகை என் மேசைக்கு வரும்போதே பிடிக்கக்கூடியவை. குற்றப்பத்திரிகைகளை வாசிக்கிற நேரம்தான் மாலை நேரம். கூடுதல் பொறுப்பு வந்தபோது அந்த மாலையும் பஸ்ஸில் போயிற்று.

முதன்மை விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையே விழும் இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015இல் பஞ்சாபிலிருந்து போன வினோத்குமார் வழக்கில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஏறக்குறைய 20 மாதம் விட்டிருந்தார்கள்; அவர் அதற்குள் மாறிவிட்டார். உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்கும்போது எழுந்து நின்று எதிர்க்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு எதிர்க்க முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் எனக்காக நின்றது கோர்ட் ஏட்டு. அவருக்கு வாயைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லை.

2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு மாவட்டந்தோறும் வழக்கு தொடர்வு அலுவலகம் அமைக்க வழி செய்கிறது. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளை இயக்குநர் கண்காணித்து, மேல்முறையீடு பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும்; 7 முதல் 10க்குக் குறைவான ஆண்டு என்றால் துணை இயக்குநர் போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து வழக்கைக் கண்காணிக்க வேண்டும்; 7க்குக் குறைந்தவற்றை உதவி இயக்குநர் கண்காணிக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105ஆம் பிரிவு. மாறுதலாகிப் போன மருத்துவர் இருந்த இடத்திலிருந்தே காணொலியில் சாட்சியம் சொல்ல முடிகிறது. காயச் சான்று வழக்குகளுக்கு இது பெரிய விடிவு. குற்றப்பத்திரிகையை முன்கூட்டி வாசிக்கும் வேலையைச் சட்டம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கண்காணிப்பை மட்டுமே சட்டம் சொல்லும் 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை என்றால் அது ஏறக்குறைய எங்கள் கோர்ட்டுக்கு வரும் வழக்குகள் முழுவதும். மாவட்டத்தில் அத்தனை கட்டுகளையும் உண்மையாக வாசிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பணியிடங்களை உருவாக்கினால்தான் அந்தக் கண்காணிப்பு பெயரளவில் நின்றுவிடாமல் இருக்கும். மாவட்டத்துக்கு இரண்டு பேரையாவது விடுப்பு மாற்றுக்கென்றே வைக்க வேண்டும். அறைக்கு ஒரு எழுத்தர் வேண்டும். போலீஸ்காரர் அரசு வழக்கு நடத்துபவரின் பதிவேட்டை எழுதிக்கொண்டிருப்பது, பிரித்ததன் பொருளுக்கே விரோதம்.

மாறுதல் வரும்போது ஒவ்வொரு விசாரணைக் கட்டின் முதல் பக்கத்திலும் ஒரு தாள் வைத்துவிட்டு வருவேன். யார் விசாரிக்கப்பட்டார், யார் பாக்கி, எந்தச் சாட்சி எதைப் பார்த்தவர், எந்த ஆவணம் குறியிடப்படவில்லை, எந்தச் சாட்சிக்கு எந்த மாதம் வர முடியாது. பிறகு வந்தவர் ஒரு காலையிலேயே வழக்குக்குள் நுழைய முடிந்தது. இப்போது சில இளைய ஏ.பி.பி.கள் அந்தத் தாளைக் கணினியில் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறார்கள்: கேமரா பதிவுக்கான சான்றிதழின் இரண்டு பகுதிகளும், கருவியை வைத்திருந்தவர் கையெழுத்திட்டதும் நிபுணர் கையெழுத்திட்டதும், கட்டில் இருக்கின்றனவா என்று. இல்லையென்றால் அன்று மாலையே நிலையத்துக்குப் போன் செய்கிறார்கள்.